அருகில் தெரிவதெல்லாம் ஆபத்தா?

சில வாரங்களுக்கு முன் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மாணவர் இருவர் என்னிடம் ஒரு கைப்பேசிப் படத்தைக் காட்டினர். நீல வானில் இரண்டு விமானங்கள். ஒவ்வொன்றின் பின்னும் நீண்ட வெள்ளைக் கோடு. கோடுகள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. "நடுவானில் நேருக்கு நேர்! நூலிழையில் தப்பினர் நூற்றுக்கணக்கான பயணிகள்" என்று படத்தின் கீழே ஒரு தலைப்பு.

"உண்மையாகத்தான் இருக்கும், சார். இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. அப்படியென்றால் ஒரே உயரத்தில்தானே பறந்திருக்க வேண்டும்?" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் வெறும் பரபரப்பு, சார். இவ்வளவு கம்ப்யூட்டர் வந்த பிறகு விமானங்கள் எங்கே மோதப் போகின்றன?" என்றார் மற்றவர்.

இரண்டு பேர் சொன்னதும் தவறு. அன்று நின்றபடியே சுருக்கமாகச் சொன்ன காரணங்களை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். இத்தகைய படங்களும் தலைப்புகளும் அடிக்கடி வருகின்றன. அவற்றை நம்பி அஞ்சுவோரும் உண்டு. நம்பாமல் நகைப்போரும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போர்தாம் குறைவு. வாசகர்களே, கணக்கு கடினமானதன்று. பத்தாம் வகுப்புக் கணிதமே போதும்.

கண் ஏன் ஏமாறுகிறது?

ஒரு பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை நாம் எப்படி அறிகிறோம்? நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளி உண்டு. ஒரே பொருளை இரு கண்களும் சிறிது வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு மூளை தொலைவைக் கணிக்கிறது. ஊசியில் நூல் கோப்பதற்கும், கிணற்றடியில் வாளியைப் பிடிப்பதற்கும் இம்முறை மிக நன்று. ஆனால் 10 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அந்தக் கோண வேறுபாடு எவ்வளவு? 6.5 செ.மீட்டரை 10 கி.மீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ 1.3 விகலை வரும். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. ஒரு விமானத்துக்கு இந்தக் கோணம் என்றால், அதற்கு 300 மீட்டர் மேலே பறக்கும் இன்னொன்றுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு விகலையில் 25இல் ஒரு பங்குகூட வராது. எந்தக் கண்ணாலும் அதை உணர முடியாது.

தரையில் தொலைவை அறிய வேறு துணைகளும் உள்ளன. இடையே மரம் நிற்கும், வீடு நிற்கும், சாலை குறுகிக்கொண்டே போகும். வானத்தில் இவை ஒன்றும் இல்லை. எஞ்சுவது விமானத்தின் தோற்ற அளவு மட்டுமே. அதை நம்பலாமா என்று பார்ப்போம்.

போயிங் 737 இனத்தில் 800 வகை விமானத்தின் நீளம் 39.5 மீட்டர். போயிங் 747 இனத்தில் 400 வகையின் நீளம் 70.7 மீட்டர். முன்னது 20,000 அடி உயரத்திலும் பின்னது 36,000 அடி உயரத்திலும் உங்கள் தலைக்கு நேர் மேலே பறப்பதாகக் கொள்வோம். நீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் விடை ஏறத்தாழ ஒன்றே; ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சிறிது அதிகம். அதாவது, தரையிலிருந்து பார்ப்பவருக்கு அவை ஒரே அளவாகத் தெரியும். இரண்டுக்கும் இடையில் இருப்பதோ 16,000 அடி, ஏறத்தாழ 5 கிலோமீட்டர்! "ஒரே அளவு, ஆகவே ஒரே உயரம்" என்ற முதல் மாணவரின் வாதம் இங்கே உடைந்துபோகிறது.

வெள்ளைக் கோடுகள் வெட்டிக்கொள்வதும் சான்றாகாது. அவை புகையல்ல, என்ஜினிலிருந்து வெளிவரும் நீராவி கடுங்குளிரில் உறைந்து உண்டான பனித்துகள்கள். காற்றின் ஈரப்பதம் ஏற்றதாக இருந்தால் அவை நெடுநேரம் கலையாமல் நிற்கும். ஒரு விமானம் சென்று பல நிமிடங்கள் கழித்து வேறோர் உயரத்தில் வந்த இன்னொன்றின் கோடும் அதை வெட்டுவது போலவே தெரியும்.

காமிராவின் சாட்சியம்

"கண் ஏமாறலாம், காமிரா பொய் சொல்லுமா?" என்று கேட்கலாம். காமிரா பொய் சொல்வதில்லை. அது சொல்வதை நாம்தான் தவறாகப் படிக்கிறோம்.

படம் எடுப்பவரிடமிருந்து 5 கி.மீ. தொலைவில் ஒரு விமானமும், அதே திசையில் 6 கி.மீ. தொலைவில் அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றும் இருக்கின்றன என்போம். அவற்றின் தோற்ற அளவுகள் 6க்கு 5 என்ற விகிதத்தில் இருக்கும். வெறுங்கண்ணால் பார்த்தால் இரண்டும் சிறு புள்ளிகள். வெகு தொலைவில் இருக்கின்றன என்று நமக்கே தெரியும். டெலிபோட்டோ லென்ஸ் இரண்டையும் ஒரே மடங்கு பெரிதாக்குகிறது. விகிதம் மாறுவதில்லை. ஆனால் படத்தில் பெரிதாகத் தெரிவதால், அவை நமக்கு 100 மீட்டர் தொலைவில் இருப்பதாக நினைக்கிறோம். 100 மீட்டரில் 6க்கு 5 என்ற விகிதம் வேண்டுமானால் இடைவெளி 20 மீட்டர் இருந்தால் போதும். இப்படித்தான் ஒரு கிலோமீட்டர் இடைவெளி படத்தில் 20 மீட்டராகச் சுருங்குகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம். அங்கு இணையான இரு ஓடுபாதைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தொலைவு 750 அடி, அதாவது ஏறத்தாழ 229 மீட்டர். அவற்றை நோக்கி அருகருகே இறங்கிவந்த விமானங்களின் படங்கள் உலகெங்கும் பரவியுள்ளன. சிறகோடு சிறகு உரசுவது போலத் தோன்றும். உண்மையில் இடையில் ஆறு சிறு விமானங்களை வரிசையாக நிறுத்தலாம். அங்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படி இறங்குவதற்குத் தனி விதிகளும் மிகுந்த விழிப்பும் தேவை. ஆனால் அந்த ஆபத்தின் அளவு படத்தில் இல்லை.

வானத்தின் விதி

அப்படியானால் எவ்வளவு இடைவெளி போதுமானது? விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அடிப்படை விதி எளிது. உயரத்தில் 1,000 அடி வேறுபாடு இருக்க வேண்டும். அல்லது கிடைமட்டத்தில் போதிய தொலைவு இருக்க வேண்டும். ரேடார் கண்காணிப்பில் வழக்கமாக இது 5 கடல் மைல், அதாவது 9 கி.மீட்டருக்குச் சற்று மேல். விமான நிலையத்தின் அருகில் 3 கடல் மைல். இரண்டில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். ஆகவே 1,000 அடி உயர வேறுபாட்டில் ஒரு விமானம் இன்னொன்றின் நேர் மேலே கடந்து செல்வது விதிமீறல் அன்று, அன்றாட நிகழ்ச்சி.

முன்பு 29,000 அடிக்கு மேல் 2,000 அடி இடைவெளி தேவைப்பட்டது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் மெதுவாகவே மாறுவதால், அழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் கருவிகளின் பிழை அங்கே அதிகமாக இருந்ததே காரணம். கருவிகள் திருந்திய பின் 41,000 அடி வரையில் அது 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. இந்திய வான்வெளியில் இம்மாற்றம் 2003 நவம்பரில் வந்தது. இவ்வுயரங்களில் பறப்போர் அனைவரும் தம் உயரமானியை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே அழுத்தத்துக்கே வைத்துக்கொள்கின்றனர். அன்றைய வானிலையால் பிழை நேர்ந்தாலும் அது அருகருகே செல்லும் எல்லா விமானங்களுக்கும் பொதுவான பிழை. இடைவெளி கெடுவதில்லை.

விமானத்தில் பயணம் செய்தவர்கள் சன்னல் வழியே எதிரே ஒரு விமானம் மின்னலாய்ப் பாய்ந்து மறைவதைக் கண்டு திடுக்கிட்டிருப்பார்கள். இரண்டும் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே சென்றால், ஒன்றையொன்று நெருங்கும் வேகம் விநாடிக்கு 500 மீட்டர். 70 மீட்டர் நீளமுள்ள பெரிய விமானம் 1,000 அடி கீழே கடந்தால், கையை நீட்டிப் பிடித்த முட்டியைவிடச் சிறிது பெரிதாகத் தெரியும். தன் நீளத்தைக் கடக்க அதற்கு ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கே ஆகும். அச்சம் தரும் காட்சிதான். ஆயினும் விதிப்படி நடந்த காட்சி.

ஆபத்தில்லாத இடத்தில் நேர்ந்த விபத்து

அருகில் தெரிவதை ஆபத்தென்று எண்ணுவதால் செய்தித்தாள் வாசகருக்கு வீண் அச்சம் மட்டுமே மிஞ்சும். விமானியே அவ்வாறு எண்ணிவிட்டால்?

1965 டிசம்பர் 4ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கார்மல் என்னும் ஊரின் மேலே அதுதான் நடந்தது. ஈஸ்டர்ன் நிறுவனத்தின் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானம் பாஸ்டனிலிருந்து நெவார்க் நகருக்கு 10,000 அடி உயரத்தில் சென்றுகொண்டிருந்தது. டி.டபிள்யு.ஏ. நிறுவனத்தின் போயிங் 707 சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் நோக்கி 11,000 அடியில் வந்துகொண்டிருந்தது. இடையே 1,000 அடி. இருவரும் தத்தம் உயரத்தில் சரியாகவே இருந்தனர். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் ஒன்றும் நேர்ந்திராது.

மேகத்திலிருந்து வெளிப்பட்ட கான்ஸ்டலேஷன் விமானிகள் போயிங் விமானத்தைக் கண்டனர். அது தங்கள் உயரத்திலேயே மோத வருவதாக அவர்களுக்குத் தோன்றியது. உடனே மேல்நோக்கி இழுத்தனர். போயிங் விமானிகளும் எதிரே எழும்பிவரும் விமானத்தைக் கண்டு விலக முயன்றனர். ஏறத்தாழ 11,000 அடியில் இரண்டும் மோதிக்கொண்டன.

ஏன் அவ்வாறு தோன்றியது? நம் கண்மட்டத்திலுள்ள பொருள் அடிவானக் கோட்டின் மேல் பொருந்தித் தெரியும். உயரே உள்ளது அதற்கு மேலே தெரியும். கடற்கரையில் நின்று பார்த்தால் இது விளங்கும். அன்று உண்மையான அடிவானம் மறைந்திருந்தது. மேகங்களின் உச்சிகள் ஒரு பக்கம் சரிந்தும் மறுபக்கம் உயர்ந்தும் கிடந்தன. அந்தச் சாய்ந்த விளிம்பையே அடிவானமாகக் கண் எடுத்துக்கொண்டது. 5 கி.மீ. தொலைவில் 1,000 அடி மேலே உள்ள விமானம் அடிவானத்துக்கு வெறும் மூன்றரைப் பாகை மேலேதான் தெரியும். மேக விளிம்பு அந்த அளவு உயர்ந்தாலே போதும், மேலே செல்வது எதிரே வருவதாகத் தோன்றிவிடும். விசாரித்த அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியமும் மேக உச்சிகளின் சாய்வு உண்டாக்கிய ஒளியியல் மாயத் தோற்றத்தையே விபத்தின் காரணமாகக் குறித்தது.

இறக்கை முனை ஒடிந்த போயிங் பத்திரமாக நியூயார்க்கில் இறங்கியது. வால்பகுதி சிதைந்த கான்ஸ்டலேஷனை, என்ஜின்களின் விசையை மட்டும் கூட்டியும் குறைத்தும் கட்டுப்படுத்தி, ஒரு மலைச்சரிவில் இறக்கினார் தலைமை விமானி சார்லஸ் ஒயிட். அதிலிருந்த 54 பேரில் 50 பேர் பிழைத்தனர். எரியும் விமானத்தில் சிக்கிய ஒரு பயணியை மீட்க மீண்டும் உள்ளே சென்ற ஒயிட் திரும்பி வரவில்லை. அவர் கண்டதில் பிழை இருக்கலாம். அவருடைய கடமை உணர்வில் பிழை இல்லை. பயிற்சி பெற்ற கண்ணையே வானம் இவ்வாறு ஏமாற்றுமானால், தரையில் நின்று ஒரு கைப்பேசிப் படத்தை வைத்துத் தீர்ப்புக் கூறும் நாம் எம்மாத்திரம்?

உண்மையான ஆபத்து எப்படித் தெரியும்?

மோதல் பாதையில் வரும் விமானம் எப்படித் தெரியும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். எதிரே வரும் விமானத்தின் இறக்கை அகலம் 35 மீட்டர்; நெருங்கும் வேகம் விநாடிக்கு 500 மீட்டர். மோதலுக்கு 10 விநாடி முன்பு அது 5 கி.மீ. தொலைவில் இருக்கும். அதன் தோற்ற அளவு 0.4 பாகை, நிலாவின் தோற்றத்தைவிடச் சிறியது! 5 விநாடி முன்பு 0.8 பாகை. கடைசி விநாடியில்தான் 4 பாகையாக மலர்ந்து நிற்கும். மற்றொரு பொருளைக் கண்டு, அது இன்னதென்று உணர்ந்து, முடிவெடுத்து, விமானத்தைத் திருப்புவதற்கு 12.5 விநாடி வேண்டும் என அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் அறிவுரை ஒன்று கணக்கிட்டுள்ளது. அந்தக் கணத்தில் எதிரி விமானம் வானில் ஒரு சிறு புள்ளியே.

இன்னொரு விந்தை: அந்தப் புள்ளி அசைவதில்லை. நேர்கோட்டில் மாறாத வேகத்தில் செல்லும் இரு விமானங்கள் மோதப் போகின்றன என்றால், ஒன்றிலிருந்து பார்க்க மற்றது கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கும். மாலுமிகள் நெடுங்காலமாக அறிந்த உண்மை இது. கண்ணாடியின் குறுக்கே விரைந்தோடும் விமானம் நம்மை விட்டு விலகிப் போவது. அசையாமல் நிற்பதே நம்மைத் தேடி வருவது. ஆனால் நம் கண்ணோ அசைவதை உடனே காணும். அசையாததை எளிதில் தவறவிடும். ஆக, பாதுகாப்பானது பெரிதாகவும் வேகமாகவும் தெரிகிறது. ஆபத்தானது சிறிதாகவும் அசைவற்றும் தெரிகிறது. நாம் இதற்கு நேர்மாறாக அல்லவா அஞ்சுகிறோம்?

இதனால்தான் ஆபத்தைத் தொலைவால் அளக்காமல் காலத்தால் அளக்க வேண்டும் என்ற கருத்து பிறந்தது. 1950களில் பெண்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் மோரல் இதனை வகுத்தார். இடையே உள்ள தொலைவை, அது குறையும் வேகத்தால் வகுத்தால் எஞ்சியுள்ள நேரம் கிடைக்கும். அருகில் இருந்தும் இடைவெளி குறையாவிட்டால் அவசரமில்லை. தொலைவில் இருந்தும் விரைந்து குறைந்தால் அவசரம். பயணி விமானங்களில் உள்ள மோதல் தவிர்ப்புக் கருவி இக்கணக்கையே ஓயாமல் போடுகிறது. உயரத்துக்கு ஏற்ப, மோதலுக்கு 15 முதல் 35 விநாடி முன்பு "ஏறு" அல்லது "இறங்கு" என்று அது கட்டளையிடும். மிகு உயரத்தில் எதிரெதிரே வரும்போது 35 விநாடி என்பது 17 கி.மீட்டருக்கும் மேல். அந்த நிலையில் படம் எடுத்தால் எந்தப் பத்திரிகையும் அதை வெளியிடாது. படத்தில் ஒன்றும் தெரியாதே!

இரண்டாம் மாணவருக்கு விடை

கருவிகள் இருக்கும்போது மோதலே நேராது என்ற எண்ணமும் தவறு என்றேன். 1996 நவம்பர் 12ஆம் நாள் மாலை, டில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியில் சவூதி அரேபியாவின் போயிங் 747 விமானமும் கஜகஸ்தானின் இல்யூஷின் 76 விமானமும் மோதி 349 பேர் மாண்டனர். ஒன்றுக்கு 14,000 அடி. மற்றதற்கு 15,000 அடி என உத்தரவு. காகிதத்தில் இடைவெளி சரியாகவே இருந்தது. கஜகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அன்று டில்லியில் பயன்பட்ட ரேடார் விமானத்தின் இடத்தைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. திரையில் இரு புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்தால், 1,000 அடி இடைவெளியில் கடக்கின்றனவா, மோதுகின்றனவா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. தரையிலிருந்து வானத்தைப் பார்க்கும் நம் நிலைதான் அதுவும். அந்த விபத்துக்குப் பின்னரே மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாயிற்று.

கருவி இருந்தும் 2002 ஜூலை 1ஆம் நாள் இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதின. ரஷ்ய விமானத்தைக் கருவி "ஏறு" என்றது. தரைக் கட்டுப்பாட்டாளர் "இறங்கு" என்றார். விமானிகள் மனிதர் சொல்லைக் கேட்டனர். எதிரே வந்த விமானமோ தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. மாண்டவர் 71 பேர். அவர்களுள் ஏராளமானோர் சிறுவர்கள்.

மோதாமலே தீங்கு நேர்வதும் உண்டு. 2017 ஜனவரி 7ஆம் நாள் அரபிக் கடலுக்கு மேலே ஒரு சிறிய சாலஞ்சர் விமானத்துக்கு 1,000 அடி மேலே ஏர்பஸ் 380 ஒன்று எதிர்த்திசையில் கடந்தது. விதிப்படி இடைவெளி சரி. பெரிய விமானம் பின்னே சென்று மறைந்த பிறகு, அதன் இறக்கைகள் விட்டுச்சென்ற காற்றுச் சுழல் கீழே இறங்கிச் சாலஞ்சரைத் தாக்கியது. அது பல தடவை உருண்டு, ஏறத்தாழ 9,000 அடி சரிந்து, பின்னர் சமாளித்து மஸ்கட்டில் இறங்கியது. பயணிகள் சிலர் படுகாயமுற்றனர். அருகில் தெரிந்தபோது ஒன்றும் நேரவில்லை. கண்ணுக்கு மறைந்த பின்னரே ஆபத்து வந்தது.

செய்தி எழுதுவோர்க்குச் சில கேள்விகள்

நம் செய்திகளில் நான் காணும் குறை அவை அச்சமூட்டுகின்றன என்பதன்று. அஞ்ச வேண்டியதையும் வேண்டாததையும் ஒரே சொல்லால் குறிக்கின்றன என்பதே குறை. "நூலிழையில்" என்ற சொல் 1,000 அடிக்கும் வருகிறது. 100 அடிக்கும் வருகிறது. பொய்யாகப் பலமுறை கூவினால், உண்மையாகக் கூவும்போது யார் திரும்பிப் பார்ப்பார்? மறுபுறம், "பயணிகளுக்கு எவ்வித ஆபத்தும் இல்லை" என்று ஒரே வரியில் வரும் விளக்க அறிக்கையும் இதே குறையுடையதே. அதிலும் எண்கள் இல்லை.

ஆகவே இத்தகைய செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சொல்லப்பட்ட இடைவெளி உயரத்திலா, கிடைமட்டத்திலா? அப்போது இடைவெளி குறைந்துகொண்டிருந்ததா, கூடிக்கொண்டிருந்ததா? குறைந்ததெனில் எஞ்சியிருந்த நேரம் எத்தனை விநாடி? மோதல் தவிர்ப்புக் கருவி கட்டளை இட்டதா? இந்நான்கில் ஒன்றுக்கும் விடை இல்லாத செய்தி, படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், செய்தியாகாது. "300 மீட்டர் அருகில்" என்று மட்டும் எழுதுவது, உயரத்தில் என்றால் விதிப்படியான பயணம். இருவரும் ஒரே உயரத்தில் என்றால் பெரும் தவறு. ஒரு சொல்லை விட்டதால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

மாணவர் காட்டிய படத்தை இந்நான்கு கேள்விகளால் சோதித்தோம். ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. "அப்படியானால் ஆபத்து இல்லை என்று சொல்லலாமா, சார்?" என்றார் இரண்டாமவர். "அதையும் சொல்லக்கூடாது. இந்தப் படத்திலிருந்து எதுவும் சொல்ல முடியாது என்றுதான் சொல்ல வேண்டும்" என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான். ஆயினும் அளக்காத ஒன்றைப் பற்றி அறிவியலில் சொல்லக்கூடிய நேர்மையான விடை அதுவே.